மகரான்னு மட்டும்

அந்தப் பேரைத்தான் பாபு என்னால சொல்ல முடியாது. மறுபடி மறுபடி கேட்டா வந்துடுமா? கிழவிக்கு மறந்து போச்சுன்னு எழுதிக்கோங்களேன். சரி, பொய் வேண்டாம். மறக்கல.

உக்காருங்க. ஃபேனை உங்க பக்கமே திருப்பிக்கோங்க, எனக்கு இப்பல்லாம் வேர்க்கறதே இல்ல. புவனேஸ்வரத்துலேர்ந்து நேர் பஸ் கிடைச்சுதா? ம். உங்களுக்கு முன்னால வந்தவங்களுக்கும் இதே நாற்காலி, இதே கேள்விதான். கவி பகினிபதி பாட்டு பூரா ஒருத்திய நினைச்சு உருகறாரே, யாரம்மா அது? நீங்க பெண்சாதிதானே, உங்களுக்குத் தெரியாதா? ஒரு புரொஃபசர் அது பொண்ணே இல்ல, ஆறுதான்னு புஸ்தகமே போட்டுட்டார். இன்னொருத்தர் ஜீவாத்மான்னார். நானும் தலைய ஆட்டி, பொரியும் தேங்காயும் குடுத்து அனுப்பி வச்சேன். ஜீவாத்மாவுக்கு எங்கயாவது முன்பல்லு கோணலா இருக்குமா? சிரிக்கறப்ப கையால வாயப் பொத்திக்குமா?

ஆமா, அந்தப் பாட்டேதான். ஸ்கூல் பாடத்துல கூட வச்சிருக்காங்களே.

கல்யாணமாகி வந்த வருஷமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எழுதினத முதல்ல எனக்குத்தான் படிச்சுக் காட்டுவார். அவர் பாட்டுக்குப் படிப்பார், நான் பாட்டுக்கு அரிசி புடைப்பேன். கோணப்பல்லு வந்ததும் கையில முறம் அப்படியே நின்னு போச்சு. பிரூபா ஆத்தங்கரை முழுக்கத் தேடினாலும் அப்படிச் சிரிக்கறவ ஒருத்திதான். என் மகரா.

அதுவும் தெரியாதா? ஃப்ளாட்டுல பொறந்த பிள்ளைங்க, எப்படித் தெரியும். மகர சங்கராந்திக்குப் பச்சரிசியில வெல்லம், தேங்கா, வாழப்பழம் எல்லாம் பிசைஞ்சு சாமிக்கு வைப்போமில்ல, அதுல ஒரு பிடி அவ என் வாயில போட்டா, ஒரு பிடி நான் அவ வாயில போட்டேன். பாவாட கட்டற வயசு. அன்னிலேர்ந்து அவ எனக்கு மகரா, நான் அவளுக்கு மகரா. உசிர் இருக்கற வரைக்கும் ஒருத்தர் பேர ஒருத்தர் சொல்லக் கூடாது. அவங்க செக்காட்டற ஜாதி, நாங்க பிராமணங்க. இதுக்கெல்லாம் ஜாதி குறுக்க வராது பாபு, கல்யாணத்துக்குத்தான் வரும். புருஷன் பேரையும் சொல்லக் கூடாது, மகரா பேரையும் சொல்லக் கூடாது. ஆண்டவன் எனக்கு வாய எதுக்கு வச்சான்னே தெரியல.

சிரிங்க, சிரிங்க.

இவர் போட்ட கணக்கக் கேளுங்க. வாலிபத்துல அவளப் படித்துறையில பாத்திருக்கார், மனசு போயிடுச்சு. கட்டிக்க வழியில்ல. சரி, அவ சிநேகிதியக் கட்டிப்போம், அவ நம்ம வீட்டுக்கு வந்து போவா, கண்ணால பாத்துட்டாவது இருப்போம்னு யோசிச்சிருக்கார். கேந்திராபடாவுல வந்த நல்ல நல்ல இடத்தையெல்லாம் தட்டி விட்டுட்டு, இந்தக் கறுப்பியத்தான் கட்டுவேன்னு நின்னாராம். எங்கம்மாவுக்குச் சந்தோஷத்துல தலகால் புரியல. எனக்கும்தான்.

ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கே, அது கவிக்கு உறைக்கல. எங்க ஊர்ல மகராவோட புருஷன்னா மூத்தார் மாதிரி, புருஷனோட அண்ணன்கிட்ட எப்படி நடந்துக்கணுமோ அப்படி. எதிர்ல நிக்கக் கூடாது, பேசக் கூடாது, நிழல் கூட மேல படக் கூடாது. நான் நெத்தியில சிந்தூரம் வச்சுக்கிட்ட அன்னியோட அவ முக்காட்ட இழுத்துட்டா. வருவா, ஏன் வராம. கொல்லப்பக்கமா வருவா. இவர் செருமற சத்தம் கேட்டாப் போதும், மூஞ்சிய மூடிட்டு சுவத்தோட சுவரா ஒட்டிப்பா. அவர் கண் மூடற வரைக்கும் அந்த முகத்த மறுபடி பாக்கவே இல்ல. பாவம் மனுஷன், தன் கையாலேயே கதவச் சாத்திக்கிட்டார். விரகம் விரகம்னு மேடை போட்டுக் கொண்டாடறீங்களே, அதெல்லாம் எங்க கொல்லையில முளைச்சதுதான்.

கோவமா? வராம இருக்குமா? எனக்குன்னு ஒரு வரி கிடையாது அவர் பாட்டுல. பழைய சோத்துக்கு வடகம் வறுத்து வைக்கலன்னா மட்டும் நான் ஒருத்தி இருக்கறது ஞாபகத்துக்கு வரும். ரொம்ப வலிச்சுது பாபு. ஆனா அவகிட்ட என்னன்னு கோச்சுக்கறது? அவளா கேட்டா?

அவளுக்குத் தெரியுமான்னா... நாங்க பேசினதில்ல. அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஒரு நாள் நான் போயிருக்கேன், அவ மகன் பரீட்சைக்கு அதே பாட்ட உருப்போட்டுட்டிருக்கான். கோணப்பல்லு, கோணப்பல்லுன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி. இவ மீன் கழுவிட்டிருக்கா. சட்டுனு நிமிந்து என்னப் பாத்தா. நானும் பாத்தேன். மீனுக்குக் கடுகு நான் அரைக்கட்டுமா மகரான்னு கேட்டேன். அரைன்னா. அதோட சரி.

என்ன, எழுந்துட்டீங்க? செக்கு வீடு எதுன்னு விசாரிச்சு அவளையே கேக்கப் போறீங்களா? நல்லா இருக்கு. நீங்க கவிக்குப் போடற நூற்றாண்டு மலர்ல அவ பேரப் போட்டா, கவிக்கு ஒரு மால கூட விழும். அவ மருமக குழாயடிக்குப் போக முடியுமா? பேத்திக்கு வரன் பாத்துட்டிருக்காங்க, அது என்ன ஆகும்? ஒரு தப்பும் பண்ணாதவ அவ. ஒரு தடவ முக்காட்ட விலக்கியிருந்தா என் குடும்பம் இருந்திருக்காது. விலக்கல அவ. எனக்காக விலக்கல.

நில்லுங்க. செருப்ப மாட்டாதீங்க. அங்க போய்க் கேக்க ஆளில்ல. முந்தாநாள் விடியக்காலம் போயிட்டா.

பேனாவ மூடிட்டீங்களா? நல்லது.

ஒண்ணுமில்ல, கண்ணுல தூசி. இல்ல, தூசி இல்ல. உசிர் இருக்கற வரைக்கும்தானே பேர் சொல்லக் கூடாது, அதான் போயிட்டாளே, இனிமே சொன்னா என்னன்னு காலைலேர்ந்து தனியா உக்காந்து சொல்லிப் பாக்கறேன் பாபு. நாக்குத் திரும்பமாட்டேங்குது. மகரா, மகரான்னுதான் வருது. என்னை அப்படிக் கூப்பிடவும் இனிமே ஆளில்ல.