வெள்ளைக்கோழிக்குப் பழகிய காட்டுப்பூனை

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை மேலே கண்டபடி. வயது நாற்பத்திரண்டு. அழிந்துவரும் காட்டுப்பூனைகளைப் பெருக்கி மறுபடி காட்டில் விடும் மையத்தில் பராமரிப்பாளராக வேலை செய்கிறேன்.

பூனைகளுக்கு இரையாக முயலுக்குப் பதில் வெள்ளைக்கோழியை உயிரோடு விடுவதென்று எங்கள் நிபுணர் குழு காலை முதல் மாலை வரை அமர்ந்து ஏகமனதாகத் தீர்மானித்தது. கேமராவில் வெள்ளை நன்றாகத் தெரியும் என்பது காரணம். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். காட்டோரம் பண்ணை வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணனே கோழிகளைக் கொடுத்துவந்தார். பூனைகள் மனிதரை அண்டக்கூடாது என்பதால், கூண்டருகே போகும்போதெல்லாம் தகரத்தைத் தட்டித் தண்ணீர் பீய்ச்சுவது என் வேலை. குறைவில்லாமல் செய்தேன்.

அதன்பிறகு சினையாக இருந்த பெண்பூனை ஒன்றைக் காட்டில் விட்டோம். அங்கே குட்டி போடவிருந்த ஒரே பூனை அதுதான். காட்டில் முயல்கள் ஏராளம். அது அவற்றைத் திரும்பியும் பார்க்காமல் மைத்துனரின் பண்ணைக்குப் போய்க் கோழிகளின் கழுத்தைக் கடித்துப்போட்டுவந்தது.

அதன்பிறகு, சம்பவத்தன்று காலை மைத்துனர் போன் செய்ததன்பேரில் நானும் என் மனைவியும் போனபோது, பூனை கம்பிப் பொறிக்குள் இருந்தது. அவர் கடப்பாரையை உள்ளே விட்டுக் குத்திக்கொண்டிருந்தார். ஒரு பின்னங்கால் உடைந்து தொங்கியது.

"மச்சான், விடுங்க. வயித்துல குட்டி இருக்கு" என்றேன்.

"என் தங்கச்சி மாசமா இருந்தப்ப ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பாக்கல. பூனைக்குப் பிரசவம் பாக்க வந்துட்டீங்களோ மாப்ள?" என்றார்.

நான் கடப்பாரையைப் பிடுங்கினேன். அவர் என் வாயில் குத்தியதில் முன்பல் விழுந்தது. அதன்பிறகு அவர் முழங்காலில் அடித்தேன். எழ முயன்றார். அதே இடத்தில் மறுபடி அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. என் மனைவி "அண்ணா" என்று கத்தினாள். என்னைக் கூப்பிடவில்லை.

அதன்பிறகு பொறியைத் திறந்து பூனையைத் தூக்கக் கை நீட்டினேன். பயிற்சி வீண்போகவில்லை. வலது கையைக் கவ்வி எலும்புவரை கிழித்துவிட்டு, மூன்று காலில் ஓடியது. எதிரே காடு திறந்து கிடந்தது. அது திரும்பிக் கோழிக் கொட்டகைக்குள் புகுந்தது. பண்ணை ஆட்கள் மண்வெட்டியால் அடித்துக் கொன்றார்கள். வயிற்றில் மூன்று குட்டிகள் இருந்ததாகக் கால்நடை மருத்துவர் சொன்னார்.

எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. வலது கையில் இரண்டு விரல்கள் எடுக்கப்பட்டுவிட்டதால் இடது பெருவிரல் ரேகை வைத்துள்ளேன்.