மூன்றாம் மிசினில் வரும் பத்திரிகை

எட்டயபுரம் பேருந்து கோவில்பட்டியில் புறப்படக் காத்திருந்தது. முன் இருக்கைக்காரரின் செய்தித்தாளை அவர் தோளுக்கு மேலாக, வழக்கம்போல, ஓசியில் படித்துக்கொண்டிருந்தேன்.

"கம்ப்யூட்டர்ல வர்ற பத்திரிகைக்குச் சந்தா கட்டுனது நான். படிக்கணும்னா பிரவுசிங் சென்டர்ல போய் நிக்கேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். காதைப் பின்னால் அனுப்பிவைத்தேன். மடியில் துணிப்பொதியோடு ஒரு ஜவுளிக்கடைக்காரர். பக்கத்தில் அவரைவிட இளையவர் ஒருவர்.

"ஏன் அண்ணாச்சி, வீட்லதான் கம்ப்யூட்டர் இருக்கே?"

"மொத இதழை அங்கன மூணாம் மிசின்ல திறந்து பாத்துட்டேன், தம்பி. மொதல்ல எதுல திறக்கமோ, அதுல மட்டுந்தான் எப்பவும் திறக்குமாம். வீட்ல போட்டா, நீ யாருன்னு கேக்கு."

"பிரிண்ட் எடுத்துட்டுப் போகலாம்லா?"

"விடாது. காப்பியடிச்சு வித்துருவனாம். ஒங்க மதினிக்கு அதுல தொடர்கதை. அவ அந்த சென்டர்ப் பயலுவ மத்தியில வந்து உக்கார மாட்டேங்கா. நான் படிச்சிட்டுப் போய்ச் சொல்லுதேன். போன வாரம், கதாநாயகி செத்துட்டாள்னு தப்பாச் சொல்லிட்டேன். வீடே எழவு வீடாயிட்டு. இந்த வாரம் அவளுக்குக் கல்யாணம். எந்த மூஞ்சிய வச்சுச் சொல்லுவேன்?"

"பேசாம அந்த மிசினையே வெலைக்கு வாங்கிருங்க."

"கேட்டேம்லா. இதுல வாராவாரம் ஒரு பத்திரிகை சும்மா வருதுன்னு சொல்லி சென்டர்க்காரன் வெலையக் கூட்டிட்டான்."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முன் இருக்கைக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். செய்தித்தாளை நான்காக மடித்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.