இரண்டாவது வரி

பதினான்கு ஆண்டுகளில் எங்கள் கல்லூரியில் ஒரு குடைகூடத் தொலைந்ததில்லை. மழை நாளில் வராந்தா முழுக்கக் குடைகள் விரிந்து கிடக்கும். மாலையில் அவரவர் குடையை அவரவர் எடுத்துப் போவார்கள். நீங்கள் விசாரணைக்கு வந்தபோதே கவனித்திருப்பீர்கள், வகுப்பறைகளுக்குப் பூட்டு கிடையாது.

திருச்செங்கோட்டுக்கு வெளியே எம்பிஏ மட்டும் நடத்தும் சிறிய கல்லூரி இது. ஆண்ட்ரூஸ் ஆகிய நான் தொடக்கத்திலிருந்தே முதல்வர். தேர்வு அறைக்குக் கண்காணிப்பாளர் வேண்டாம் என்று முதல் ஆண்டே முடிவு செய்தேன். பதிலாக வாசலில் ஒரு தாள் இருக்கும். அறைக்குள் போய் வருகிற யாராக இருந்தாலும், ஆசிரியர் உட்பட, இரண்டு வரிகளுக்கு எதிரே கையெழுத்திட வேண்டும். முதல் வரி, நான் தவறு செய்யவில்லை. இரண்டாவது வரி, தவறு செய்த யாரையும் நான் பார்க்கவில்லை.

கல்லூரியை உருவாக்கியது இரண்டாவது வரிதான். பார்க்கவில்லை என்று எழுத வேண்டுமானால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமல்லவா? இரண்டு மூன்று ஆண்டுகளில் மாணவர்கள் சாப்பாட்டுக் கூடத்திலும் ஒருவரையொருவர் கவனிக்கத் தொடங்கினார்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் தவறு செய்ததாக ஒருவர் பெயர் சொல்லப்பட்டால், அவர் எழுந்து ஒப்புக்கொள்ளும்வரை யாரும் அவரோடு பேச மாட்டார்கள். அதை நான் விதியாக எழுதவில்லை, அவர்களே வழக்கமாக்கிக்கொண்டார்கள். பெரும்பாலும் மூன்றாம் நாள் எழுந்துவிடுவார்கள். செய்யாதவர்களும் எழுந்துவிடுவதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். தீவனக் கம்பெனிக்காரர்களும் நூற்பாலைக்காரர்களும் வேலைக்கு எங்கள் பிள்ளைகளைத்தான் முதலில் கேட்டார்கள்.

மோனிஷா நாமகிரிப்பேட்டைப் பெண். அப்பா சென்றாயன் போர்வெல் வண்டியில் வேலை. முதல் தேர்விலேயே இரண்டாவது வரியை வெறுமையாக விட்டிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"அடுத்தவங்க காப்பி அடிச்சாங்களா இல்லையான்னு எனக்கு எப்படிங்க சார் தெரியும்? நான் என்ற பேப்பரத்தானுங்க பாத்துட்டு இருந்தேன்."

வெளியே நின்ற அவள் வகுப்பு மாணவன் தர்ஷன் சிரித்தான். "அரிச்சந்திரன் ஊட்டுப் புள்ளடா!"

"ஆமாங்க தர்ஷன். நீங்க கழுத்து சுளுக்காமப் பாத்துக்கங்க," என்றாள்.

அடுத்த தேர்வில் பன்னிரண்டு பேர் அந்த வரியை வெறுமையாக விட்டார்கள். தர்ஷனும் அதில் ஒருவன். பதினான்கு ஆண்டு உழைப்பு எவ்வளவு மெல்லியது என்று அப்போது புரிந்தது.

மூன்றாவது தேர்வு முடிந்த மதியம் விடைத்தாள்கள் அறையிலேயே இருந்தன. மோனிஷாவின் தாளுக்குள் ஒரு மைக்ரோ ஜெராக்ஸ் பிட்டை வைத்தேன். அச்செழுத்து, கையெழுத்துப் பிரச்சினை இல்லை. பிறகு தாள்களை எண்ணி வரச் சொல்லி தர்ஷனை அனுப்பினேன். திங்கட்கிழமை அவனே அவள் பெயரைச் சொன்னான். அவன் மறுபடி நம்மவனாகிவிட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது.

மூன்று நாளில் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எழவில்லை. நாற்பத்தொரு நாள் யாரும் அவளோடு பேசவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வார்டன் அக்சிலியா காலைப் பூசைக்குப் போயிருந்தார். விடுதியில் செல்போனுக்கு அனுமதி இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மோனிஷா மாடியில் ஒன்பது கதவுகளைத் தட்டியிருக்கிறாள். ஒன்பது அறைகளிலும் ஆள் இருந்தார்கள். அக்சிலியா திரும்பியபோது அவள் படிக்கட்டில் கிடந்தாள். குடல்வால் வெடித்திருந்தது. சேலம் போய்ச் சேருவதற்குள் இறந்துவிட்டாள்.

சென்றாயன் என் அறைக்கு வந்து உட்காராமல் நின்றார். "ஏனுங்க சார், அத்தன புள்ளைங்க இருந்துமா ஒரு கதவு தொறக்கல?"

எங்கள் வழக்கத்தை அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். "எம் புள்ள காப்பி அடிச்சிருக்காதுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது சரி. அதைத்தான் இங்கே எழுதித் தருகிறேன். ஆனால் கல்லூரியின் நேர்மையைச் சந்தேகிக்காதீர்கள். பிட்டை வைத்த அன்று மதியம் தேர்வு அறையைவிட்டு வெளியே வந்தபோது நானும் அந்தத் தாளில் கையெழுத்திட்டேன். முதல் வரியை வெறுமையாக விட்டேன். இரண்டாவதில் மட்டும் போட்டேன், தவறு செய்த யாரையும் நான் பார்க்கவில்லை என்று. அது உண்மை. அறையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.