இரண்டு பக்கமும் அண்டா

தேர்தல் நேரம். வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்கு வரும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவர் மற்றவரை மதினி என்றார். போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"மதினி, ஒரே கம்பெனி ரெண்டு கட்சிக்கும் கோடி கோடியா நன்கொடை குடுத்திருக்காம்!"

"நம்மூரு ஜல்லிக்கட்டுல பரிசா அண்டா குடுக்கிறவரு மாதிரின்னு சொல்லு."

"அதெப்படி?"

"மாடு ஜெயிச்சா மாட்டுக்காரருக்கு அவரு அண்டா. மாட்டைப் புடிச்சுட்டா புடிச்சவனுக்கும் அவரு அண்டா. நம்ம மாடு புடிபட்டப்ப அவரு மொகம் வாடுச்சா?"

"எங்க? மேடையில சிரிச்சுக்கிட்டுல்ல இருந்தாரு."

"நம்ம மாடு ஜெயிச்சப்பவும் அதே சிரிப்புதான்."

"ஆனா மதினி, அண்டா குடுத்தவரு பேர மைக்குல கத்திச் சொல்லுவாங்க. இந்தக் கம்பெனி பேரப் பத்தி இம்புட்டு நாளா ஒருத்தரும் மூச்சு விடலையே?"

"அண்டாக்காரரு ஒரு மாலையோட வீட்டுக்குப் போயிருவாரு. இந்தக் கம்பெனிக்காரவுக நாளைக்கு நம்ம கம்மாயத் தண்ணியோட கேப்பாக. அத மைக்குல சொல்லவா முடியும்?"

எதிரே ஒரு பிரச்சார வேன் ஒலிபெருக்கியோடு வந்தது. பஸ் ஒதுங்கி நின்று அதற்கு வழிவிட்டது. வேனில் நின்றவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். இளையவர் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுக் கேட்டார்.

"அப்ப நம்ம யாரு மதினி? மாடா, மாடு புடிக்கிறவனா?"

"ரெண்டுமில்ல. வாடிவாசல் முன்னாடி பரப்பி வச்சிருப்பாங்கள்ல, தேங்கா நாரு, அதுதான் நம்ம. எவன் விழுந்தாலும் நம்ம மேலதான் விழுவான். அவனுக்கு வலிக்காது."