பூக்கும் முன் அறுத்த செடி

மஞ்சள் பூ என்றால் யாருக்குத்தான் பிடிக்காது, டாக்டர்? வரும் வழியில் நீங்களே நின்று பார்த்தீர்கள். என் மேட்டு நிலம் முழுக்க அதுதான். இந்த ஆண்டு அறுக்கவில்லை. அறுத்து யாருக்குப் போடுவது?

அந்தக் களை பூத்து விதை உதிர்த்தால் அதோடு காய்ந்துபோகும். பூக்கும் முன் அறுத்தால் சாகாது. வேரில் உயிரைப் பிடித்துக்கொண்டு மறு ஆண்டும் வரும், ஒன்றுக்கு நாலு தண்டாக. வேர் பாதியில் அறுந்தால் அந்தத் துண்டும் முளைக்கும். மண் ஈரமாக இருக்கும்போது குனிந்து, கையால் அடியோடு பிடுங்க வேண்டும். பச்சையாக இருந்தால் மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும், அவ்வளவு கசப்பு. காய்ந்தால் கசப்பு போய்விடும், விஷம் போகாது. புல்லோடு புல்லாகத் தின்றுவிடும். உங்களுக்குத் தெரியாததா? அண்ணனுக்குத் தெரியாது. அவர் நிலத்தில் குனிந்ததே இல்லை.

அப்பா போனபின் பங்கு பிரித்தோம். மாடுகளைக் கன்றிலிருந்து வளர்த்தவன் நான். என் குரல் கேட்டால் வேலிக்கு ஓடி வரும். சொந்தக்காரர்கள் முன்னால் அண்ணன் சொன்னார்: "மாடு எனக்கு, புல்லு மேடு அவனுக்கு. களை புடுங்கறதத் தவிர அவனுக்கு வேற என்ன தெரியும்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதன்பிறகு நான் களை பிடுங்கவில்லை. அவ்வளவுதான். சரியாகச் சொல்வதென்றால், ஆண்டுதோறும் பூக்கும் முன்பே மேட்டை அறுத்தேன், நன்றாகக் காயவைத்தேன், அவர் கொட்டகையில் நானே அடுக்கியும் கொடுத்தேன்.

"களையெல்லாம் எடுத்துட்டியாடா?"

"ஒண்ணு விடாம எடுத்துட்டேண்ணே."

அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது.

ஈரல் மெல்லத்தான் கெடும். முதல் குளிர் முடிவதற்குள் வெள்ளச்சிப் பசு சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றாள். அடுத்து செவலை. குழி வெட்ட ஒவ்வொரு முறையும் நான்தான் போனேன். ஒருநாள் குழியோரம் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"எல்லாம் என் கைராசிடா. நான் தொட்டது எதுவும் தங்காது."

இல்லை என்று நான் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணிக்குக் குழந்தை பிறந்தது. அண்ணன் அதைத் தொடவே இல்லை. தொட்டிலுக்குத் தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார். குழந்தை அழுதால், "நீ தூக்குடா, உன் கை நல்ல கை" என்பார். இரண்டு ஆண்டாக நான்தான் தூக்குகிறேன்.

செத்த கடைசிப் பசுவை அறுத்து ஈரலைப் பார்த்துவிட்டீர்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது? செய்தது நான்தான். எங்கே கேட்டாலும் இதையே சொல்வேன். அண்ணன்மேல் இப்போது எனக்குக் கசப்பு துளியும் இல்லை.

அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், பாவம், தாங்கமாட்டார். அதோடு, காரணம் தெரிந்தால் மகளைத் தூக்க ஆரம்பித்துவிடுவார். அவள் இப்போதுதான் என் குரலுக்கு ஓடி வரப் பழகியிருக்கிறாள்.