நாற்பத்து நான்காவது ஸ்டிக்கர்

மாலை ஆறு நாற்பது. ஏரியை ஒட்டிய சாலை. இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் கட்டி முடித்து இன்னும் யாரும் குடிவராத புது வீடுகள். நான்கு கிலோமீட்டருக்கு ஓர் ஆள் இல்லை, ஒரு நாய் இல்லை. கடைசி வீட்டு வாசலில் ஒரே ஒரு கார்...

இருங்கள். கரண்ட் வருவதற்குள் முடித்துவிடுவேன். ஆனால் நடுவில் யாரும் பாத்ரூம் போகிறேன் என்று எழுந்திருக்கக் கூடாது. துணைக்கு வா என்று என்னைக் கூப்பிட்டால் நடப்பதே வேறு. கட்டிலில் இடம் இல்லாதவர்கள் கீழே உட்காருங்கள். ஏய், அந்த ஜன்னலைச் சாத்து.

இது எங்கேயோ படித்த கதை இல்லை. இதோ என் பக்கத்தில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, என் ரூம்மேட், இவளுடைய சொந்த அக்காவுக்கு நடந்தது. நான் ஏதாவது கூட்டிச் சொன்னால் இவளே திருத்தட்டும். இதுவரை திருத்தியதில்லை.

அக்கா நர்ஸ். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற வேலை. அத்தானுக்குத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. சாமானில் குறை இருந்தால் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், தாளில் எழுத வேண்டும், ஒதுக்க வேண்டும். பதினாறு வருடமாக இதையே செய்து செய்து மனுஷனுக்கு வீட்டிலும் அதே புத்தி. நாற்காலி ஆடுகிறது, சட்டையில் தையல் கோணல், சுவரில் கீறல்... அதனால் சொந்தபந்தம் எல்லோருக்கும் அவர் 'நொட்டை அத்தான்'. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள்.

ஒரே பெண் குழந்தை. ஆறு வயது. ஓர் இடத்தில் நிற்காது, வாய் ஓயாது. அதற்குப் பெயர் 'வாலு'. பொருத்தமான பெயர்தான்.

ஏரிக்கரையில் வீடு வாங்க வேண்டும் என்பது அத்தானுடைய ஆசை. அக்காவுக்குத் துளிகூட இஷ்டம் இல்லை. பின்கதவைத் திறந்தால் ஏழு படி, அதற்குக் கீழே தண்ணீர். வாலு தூக்கத்தில் எழுந்து நடக்கிற பிள்ளை வேறு. கடைசியில் அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"பின்கதவுல என் தலைக்கு மேல ஒரு தாழ்ப்பாள் இருக்கணும். பிள்ளை ரூம் ஜன்னலுக்குக் கம்பி இருக்கணும். இது ரெண்டும் இல்லாம நான் அந்த வீட்டுப்படி ஏறமாட்டேன்."

இரண்டும் போட்டார்கள். அதற்கப்புறம்தான் அக்கா சரி என்றாள்.

அங்கே ஒரு வழக்கம். சாவி கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்னால், வாங்குகிறவர்களே வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துக் குறை சொல்ல வேண்டும். வீடு கட்டின கம்பெனியின் மேனேஜர் ஒரு கட்டு மஞ்சள் ஸ்டிக்கரும் ஒரு நீளத் தாளும் அத்தான் கையில் கொடுத்தார். குழந்தைக்கு மிட்டாய் கிடைத்த மாதிரி அத்தானுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"குறை இருக்கிற இடத்துல ஸ்டிக்கர் ஒட்டுங்க சார். நம்பர் போட்டுத் தாள்ல எழுதுங்க. கையெழுத்துப் போட்டு கேட்ல இருக்கிற பெட்டியில போட்டுடுங்க. நாங்க இருக்கணும்னு அவசியமே இல்லை. எங்க ஆளுங்க எதிர்க்கேள்வி கேட்கமாட்டாங்க. தாள்ல கழற்றுன்னா கழற்றுவாங்க, மாத்துன்னா மாத்துவாங்க."

சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார். அத்தான் மூன்று மணி நேரம் அந்த வீட்டைச் சலித்தார். நாற்பத்தொரு ஸ்டிக்கர். அக்கா எண்ணிப் பார்த்தாள், தாளிலும் நாற்பத்தொன்று. இருட்டத் தொடங்கியது. இன்னும் கரண்ட் இணைப்பு வரவில்லை. அக்கா முன்னாலேயே போய்க் காரில் உட்கார்ந்துவிட்டாள். அத்தான் ஜன்னல்களைச் சாத்த உள்ளே போனார். வாலு அவர் பின்னாலேயே போனாள்.

அப்போதுதான் மணி ஆறு நாற்பது.

உள்ளே புது பெயிண்ட் வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை... பூ ஜாடியில் பத்து நாளாகத் தண்ணீர் மாற்றாமல் விட்டால் வருமே, அது. பின்னால் படியில் ஏரி தட்டிக்கொண்டே இருந்தது. சளப்... சளப்... காற்றே இல்லை.

குழந்தை அறை ஜன்னல் கம்பியில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். முழங்கால் உயரத்தில். நம்பர் இல்லை. தொட்டால் ஈரம்.

"இங்க எப்ப ஒட்டினேன்?"

இங்கேதான் அந்த மனுஷன் தப்புச் செய்தார். வேறு யாராக இருந்தாலும் உரித்துப் போட்டுவிட்டு வந்திருப்பார்கள். ஆனால் அத்தான் வேலை பார்க்கிற இடத்தில், ஒட்டின ஸ்டிக்கருக்குத் தாளில் பதிவு இல்லையென்றால் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஒருமுறை அதற்காக எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியிருக்கிறார். அதனால் உடனே டார்ச் அடித்துக் குறை தேடினார். தேடினால் அவருக்கா கிடைக்காது? ஓரத்தில் பெயிண்ட் கொஞ்சம் உரிந்திருந்தது. எழுதினார்: 'நாற்பத்திரண்டு. ஜன்னல் கம்பி. கழற்றவும்.'

பின்கதவுக்கு வந்தார். மேலே, அந்தத் தாழ்ப்பாளில், இன்னொன்று. அதுவும் ஈரம். இழுத்துப் பார்த்தார். கிரீச்... எழுதினார்: 'நாற்பத்து மூன்று. தாழ்ப்பாள். கழற்றவும்.'

ஆமாம்டி, அக்கா கேட்டு வாங்கின அதே தாழ்ப்பாள்தான். கழற்றிவிட்டு நல்லதாக வேறு போடுவார்கள் என்று நினைத்திருக்கிறார். நடுவில் பேசாதே.

அந்தப் பின்கதவு முழுக்கக் கண்ணாடி. டார்ச் வெளிச்சத்தில், இடுப்பு உயரத்தில், கண்ணாடியில் இன்னொரு மஞ்சள் சதுரம் தெரிந்தது. நகத்தால் சுரண்டினார். நகம் வழுக்கியது. வெளிப்பக்கம் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தார். குறை ஒன்றும் தெரியவில்லை. வெளியே அக்கா ஹாரன் அடித்துவிட்டாள். அவசரத்தில் எழுதினார்: 'நாற்பத்து நான்கு. கண்ணாடியில் தெரிவது. மாற்றவும்.' கையெழுத்துப் போட்டார். வாலுவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். தாளைக் கேட் பெட்டியில் போட்டார்.

வீட்டுக்கு வந்து அக்கா பிள்ளைக்குக் கவுன் மாற்றினாள்.

"ஏங்க, இங்க பாருங்க. பிள்ளைக்கும் குறை கண்டுபிடிச்சிட்டீங்களா?"

வாலுவின் இடது கையில், தோளுக்குக் கொஞ்சம் கீழே, அம்மா போட்ட தடுப்பூசித் தழும்பின் மேல், மஞ்சள் ஸ்டிக்கர். சொட்டச் சொட்ட ஈரம்.

"நீயா ஒட்டிக்கிட்டே?"

"இல்லம்மா. சில்லுன்னு இருந்துச்சு. அப்பான்னு நெனச்சேன்."

அத்தானுக்குக் கண்ணாடியில் தெரிந்தது எது என்று அந்த நிமிஷம்தான் புரிந்தது. வாலு அவருக்குப் பின்னால் நின்றிருக்கிறாள், அவள் கையில் இருந்த ஸ்டிக்கர்தான் கண்ணாடியில் பிரதிபலித்திருக்கிறது. மாடிக்கு ஓடிப் போய் மேனேஜருக்குப் போன் போட்டார். அந்தத் தாளைத் திருப்பிக் கொடுங்கள் என்றார்.

"ஏழு மணிக்கே பெட்டியைத் திறந்து எடுத்துட்டாங்களே சார். என்ன தப்பா எழுதிட்டீங்க?"

அத்தான் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிப்பு. "பிள்ளையையா சார் மாத்திடுவாங்க? போய்த் தூங்குங்க."

அத்தானுக்கும் வெட்கமாகிவிட்டது. நொட்டை அத்தான் தப்பாக ஒரு வரி எழுதிவிட்டார் என்று தெரிந்தால் அக்கா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். வாயை மூடிக்கொண்டார். அதை நினைத்து நினைத்து அவர் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்கிறார்.

அடுத்த சனிக்கிழமை சாவி வாங்கப் போனார்கள். பட்டப்பகல். மூன்று பேரும் உள்ளே நுழைந்தார்கள். நாற்பத்தொரு குறையும் சரியாகியிருந்தது. அக்காகூடச் சிரித்தாள். பின்கதவுப் பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"தாழ்ப்பாள் எங்கங்க?"

திருகாணி ஓட்டைகூட இல்லை. அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்து... அங்கே தாழ்ப்பாள் இருந்ததற்கு அடையாளமே இல்லை. அத்தான் குழந்தை அறைக்கு ஓடினார். கம்பி இல்லை. திரும்பினார். வாலு இல்லை.

பின்கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

தேடினது மூன்று நிமிஷம் இருக்கும். அக்கா கத்தின கத்தல் கேட் வரைக்கும் கேட்டிருக்கிறது. கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தாள் பிள்ளை. இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. பாதம் மட்டும் நனைந்திருந்தது. அக்கா வாரி அணைத்தாள். உடம்பு ஜில்லென்று இருந்தது.

"வீட்டுக்குப் போகலாம்மா," என்றது.

அழவில்லை, துள்ளவில்லை. வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. பயந்திருக்கிறாள் என்று நினைத்தார்கள். வீடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பிள்ளை கிடைத்ததே போதும் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மறுநாள் விடியற்காலை வாசல் கதவுக்கு அடியில் அந்தத் தாள் கிடந்தது. ஊறிப்போய், அந்த ஜாடித் தண்ணீர் வாசனையோடு. முதல் நாற்பத்தொரு வரியிலும் ஒன்றும் இல்லை. கடைசி மூன்றுக்கு மட்டும் எதிரே எழுதியிருந்தது.

நாற்பத்திரண்டு. கழற்றியாயிற்று.

நாற்பத்து மூன்று. கழற்றியாயிற்று.

நாற்பத்து நான்கு. மாற்றியாயிற்று.

அத்தான் மறுபடி போன் போட்டார். இந்தத் தடவை மேனேஜர் சிரிக்கவில்லை. "எங்களுக்கு வந்த தாள்ல நாப்பத்தொண்ணுதான் சார் இருந்துச்சு. நாங்க எதையும் கழற்றலையே."

அதற்கு மேல் அத்தானால் தாங்க முடியவில்லை. அக்காவிடம் தாளைக் காட்டி எல்லாவற்றையும் சொல்லி ஓவென்று அழுதார். அக்கா எழுந்து போனாள். தூங்குகிற பிள்ளையின் இடது சட்டைக்கையை மேலே தூக்கினாள். தோல் வழுவழுவென்று இருந்தது. வலது கையைத் தூக்கினாள்.

தழும்பு அங்கே இருந்தது.

"என் பிள்ளைக்கு நானே போட்ட ஊசிங்க. இடது கைல போட்டேன். நான் எந்தப் பிள்ளைக்கும் வலது கைல போட்டதே இல்லைங்க..."

அது கண்ணைத் திறந்தது. "என்னம்மா?" என்றது.

என்ன செய்வது, சொல்லுங்கள்? அம்மா என்று கூப்பிடுகிறதே. கொடுத்ததைச் சாப்பிடுகிறது, சொன்னதைக் கேட்கிறது, வாலுத்தனம் மட்டும் கிடையாது. அக்கா தினமும் தலை வாரிவிடுகிறாள், அதன் முகத்தைப் பார்க்காமல். இரண்டு வருடமாகிவிட்டது. அந்த வீடு இன்னும் விற்கவில்லை. அத்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தச் சாலையில் தனியாகப் போகிறார். பின்கதவுக் கண்ணாடியில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுகிறார். தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் போடுகிறார். 'நாற்பத்தைந்து. பழையதைத் திருப்பித் தரவும்.'

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஏன் எல்லோரும் என் மேலேயே சாய்கிறீர்கள்? தள்ளி உட்காருங்கள். எனக்கும்தான் பயமாக இருக்கிறது.

"போன மாசம் நானும் அத்தான்கூடப் போனேன்."

பார்த்தீர்களா, இவள் வாயைத் திறந்துவிட்டாள். இது எனக்கே தெரியாது. சொல்லடி.

"கண்ணாடியில உள்பக்கமா ஒரு கை வச்ச அடையாளம் இருக்கும். சின்னக் கை. ஈரமா. ஒவ்வொரு வாரமும் இருக்குமாம். அத்தான் அது உசரத்துக்குக் கதவு நிலையில பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்காரு, ரெண்டு வருஷமா. முதல் கோட்டுக்கும் இப்ப இருக்கிற கோட்டுக்கும் நாலு விரல் வித்தியாசம். கையும் பெருசாயிருக்கு." அப்படியென்றால்? "வளர்ந்துக்கிட்டு இருக்காடி எங்க வாலு."

இருடி, வீட்டில் இருக்கிறதே, அது?

"அதுக்கு இன்னும் அன்னைக்குப் போட்டிருந்த கவுன்தான் சரியா இருக்கு."