ஏரிக்கரை அம்மாவின் பிள்ளை

ராத்திரி பதினொன்றரை மணி... படாளத்தில் பெரிய ரோட்டை விட்டு இறங்கி ஏரிக்கரைக்குப் போகிற மண் பாதை. விளக்கு கிடையாது. வண்டியில் யார் என்கிறீர்களா? நம்ம ஞானதாஸ் இருக்கிறாரே, அவர் தங்கை ஜெனிட்டா, அவள் புருஷன் ஸ்டான்லி, மூன்று மாதப் பெண் குழந்தை. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்த தங்கமான குழந்தை. பக்கத்தில் ஒரு மரப்பெட்டி.

பெட்டிக்குள் ஒரு கல் பிள்ளை.

அந்த ஏரிக்கரையில் கல் அம்மா ஒருத்தி நிற்கிறாள். அந்தக் காலத்தில் சீக்குக் குழந்தையை அவள் கையில் கிடத்தி, ஒரு பிடி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், பிழைத்துவிடும். உலகப்போர் சமயம் அங்கே முகாம் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன், அவள் இடுப்பிலிருந்த பிள்ளையை உடைத்து எடுத்துக்கொண்டு கப்பலேறிவிட்டான், பாவி. அதன்பின் யாரும் அவளிடம் குழந்தையைக் கொடுப்பதில்லை. பெற்றதைப் பறிகொடுத்தவள்... திருப்பித் தருவாளா?

இந்த வருஷம் சிப்பாயின் பேரன் அந்தக் கல் பிள்ளையை மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைக்கு அனுப்பிவைத்தான். ஸ்டான்லி அந்தப் பட்டறை டிரைவர். மாமியார் வீட்டிலிருந்து குடும்பத்தோடு மதுராந்தகம் திரும்புகிறவனிடம், போகிற வழியில் அம்மா கையில் வைத்துவிட்டுப் போ, காலையில் ஆள் வந்து ஒட்டும் என்று கொடுத்தனுப்பினார்கள்.

செங்கல்பட்டு தாண்டியதும்... ம்ம்... ம்ம்... பெட்டிக்குள் முனகல்.

"இன்னாங்க, அழுவுதுங்க."

"கல்லு எங்கனா அழுவுமா? கம்முனு வா."

பெற்றவளுக்கு மனசு கேட்கவில்லை. பழைய சேலையின் ஒரு பாதியில் தன் குழந்தையைச் சுற்றியிருந்தாள். மறு பாதியில் அதையும் சுற்றி, குழந்தையோடு சேர்த்து மடியில் போட்டுக்கொண்டாள். முனகல் நின்றது. வண்டி முழுக்கப் பால் வாசனை... கூடவே ஈரக்கல் வாசனை. ஜெனிட்டா கண்ணயர்ந்துவிட்டாள்.

ஏரிக்கரையில் ஸ்டான்லி அவளை எழுப்பவில்லை. இருட்டில் தடவி, கனத்து ஜில்லென்று இருந்த மூட்டையைத் தூக்கினான். செல் வெளிச்சம் பாதைமேல்தான் இருந்தது, கையிலிருந்ததை அவன் பார்க்கவில்லை. மேலேறினான். சேலையை உருவி, அம்மா இடுப்பில், கையணைப்பில் வைத்தான்...

டக்.

அச்சாகப் பொருந்தியது. சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினான்.

"வெச்சிட்டீங்களா?"

"வெச்சாச்சு."

"அப்ப... இது ஏன் இப்டி சில்லுனு கீது?"

வெளிச்சத்தைத் திருப்பினான். அவள் மடியில் கல்.

ஓடினான். அம்மா இடுப்பிலும் கல்தான். ஒட்டின தடம்கூட இல்லை. அடித்துக்கொண்டு கத்தினான். ஏரிதான் அவன் குரலைத் திருப்பிக் கொடுத்தது.

மறுநாள் ஒரு மூட்டைத் தவிடு கொண்டுபோய்க் கொட்டினான். மடியிலிருந்த கல் பிள்ளையை அம்மா காலடியில் வைத்து, "உன் புள்ள இதோ கீது, என் புள்ளயக் குடுத்துடும்மா" என்று விழுந்து அழுதான். எத்தனையோ நாள் அப்படி. போலீஸிடம் போய் என்னவென்று சொல்வது? பட்டறையிலிருந்து சரவணகுமார் உளியோடு வந்தான். அம்மா இடுப்பிலிருந்த பிள்ளைமேல் உளியை வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டான்.

"ஒடஞ்சி போச்சுன்னா இன்னா பண்ணுவ, அண்ணாத்த?"

என்ன பண்ணுவான், பாவம்.

போன வாரம் ஞானதாஸ் போயிருந்தார். அம்மா இடுப்பிலிருக்கிற கல் பிள்ளையின் இடது கன்னத்தில் கறுப்பாக ஒரு பொட்டு. தொட்டாராம்...

மை விரலில் ஒட்டியது. இன்னும் காயவில்லை.